அந்த ஃபைலின் கடைசிப் பக்கம்



இது நீளமான பதிவு. வகுப்பில் முக்கால் மணி நேரம் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள், இன்று ஒரு கால் மணி நேரம் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அம்மா வழிச் சொந்தங்கள் மட்டும் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். ஏன் என்று பாதியில் தெரியும்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவிவிட்டது. கீமோ ஆரம்பிப்பதற்கு முன்னால் ரத்தத்திலும் கட்டியிலும் மரபணுப் பரிசோதனை செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "ஸ்டேஜ் நாலுக்கு மேல அதெல்லாம் எதுக்கு டீச்சர்? காசுக்குப் பிடிச்ச கேடுன்னு பெரியப்பா சொல்றார். நீங்க பயாலஜிதானே, என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள்.

"செய்துவிடு. நாளைக்கே செய்துவிடு" என்றேன். அவளுக்குச் சொன்ன காரணத்தை உங்கள் எல்லோருக்கும் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் இறந்தது மஞ்சள் காமாலையில் என்றுதான் உங்களில் பலருக்குத் தெரியும். நாங்கள் அப்படித்தான் சொன்னோம். உண்மையில் அது கணையப் புற்று. முதலில் எடை குறைந்தது. அதுவரை இல்லாத சர்க்கரை திடீரென்று வந்தது. பிறகு கண் மஞ்சளானது. மூன்று வாரம் கீழாநெல்லி கொடுத்தோம். ஸ்கேன் எடுத்தபோது கட்டி கணையத்தின் தலைப்பகுதியில் இருந்தது, கல்லீரலிலும் புள்ளி புள்ளியாக இருந்தது. ஊசி மருந்து இரண்டு சுற்று போட்டும் பலன் இல்லை என்ற பிறகுதான் கட்டியின் துணுக்கை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அறிக்கை வந்தபோது அண்ணனுக்குக் காரியம் முடிந்திருந்தது. கூரியரில் வந்த உறையை யாரோ பிரித்து, ஃபைலின் கடைசியில் செருகி வைத்துவிட்டார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து, வாரிசுச் சான்றிதழ் வேலைக்காக அண்ணி அந்த ஃபைலை என்னிடம் கொடுத்தார். அப்போதுதான் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். கட்டியில் கண்ட மாற்றங்களின் பட்டியலில் 'பிராக்கா 2' என்று இருந்தது. அதன் கீழே, இது பரம்பரையாக வந்ததாக இருக்கலாம், ரத்த உறவுகள் மரபணு ஆலோசனை பெறவும் என்று ஒரு வரி. முப்பது வருஷத்துக்கு மேல் மரபியல் பாடம் நடத்தியவள் நான். என் வீட்டுக்கு வந்த மரபியல் பாடத்தை ஒன்றரை வருஷம் படிக்காமல் வைத்திருந்தேன்.

இதை அண்ணியிடமும் பிள்ளைகளிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

சரி, இப்போது பாடம். புற்றுநோய் என்பது எழுத்துப் பிழை என்று பத்தாம் வகுப்பில் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு செல்லின் டி.என்.ஏ.வில் சுமார் 600 கோடி எழுத்துகள். செல் இரண்டாகும் ஒவ்வொரு முறையும் அத்தனையையும் நகல் எடுக்க வேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது நீங்கள் விட்ட பிழைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பிழைகள் திருத்தப்பட்டுவிடும், அல்லது ஒன்றும் செய்யாது. சில இடங்களில் விழும் பிழைதான் வினை.

கணையப் புற்றுகளில் பெரும்பாலானவை, கணைய நீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் நாளங்களில் தோன்றுபவை. இந்த வகையில் நான்கு இடங்களில் பிழை அடிக்கடி காணப்படுகிறது. முதலாவது கேராஸ். செல்லுக்குப் 'பிரிந்து பெருகு' என்று மணி அடிக்கும் மரபணு அது. பிழை விழுந்தால் மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். பத்தில் ஒன்பது கட்டிகளுக்கு மேல் இந்தப் பிழை உண்டு. இரண்டாவது டிபி53. தப்பு செய்யும் செல்லை நிறுத்திவைக்கும் தலைமையாசிரியர் என்று வையுங்கள். மூன்றாவது சிடிகேஎன்2ஏ, பெருக்கத்துக்குத் தடை போடுவது. நான்காவது ஸ்மேட்4. ஏறக்குறைய பாதிக் கட்டிகளில் இது தொலைந்துபோயிருக்கும்.

இதெல்லாம் நோயாளி எவ்வளவு காலம் இருப்பார் என்பதோடு சம்பந்தப்பட்டதா என்றால், ஆமாம். 2009இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் கணையப் புற்றால் இறந்த 76 பேரின் உடல்களை, குடும்பத்தார் அனுமதியோடு, இறந்த உடனேயே ஆராய்ந்தார்கள். சுமார் 70 சதவீதம் பேருக்கு நோய் உடல் முழுக்கப் பரவியிருந்தது. மீதி 30 சதவீதம் பேருக்குப் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே வளர்ந்து அழித்திருந்தது. இந்த இரண்டு விதத்தையும் பிரித்துக் காட்டியது ஸ்மேட்4. அது தொலைந்த கட்டிகள் பரவலாகச் சிதறும் பக்கம் இருந்தன. கேராஸிலும் பிழை ஒன்றே அல்ல. அதே இடத்தில் எந்த எழுத்து மாறியது என்பதைப் பொறுத்து ஜி12டி, ஜி12வி, ஜி12ஆர் என்று பெயர்கள். ஜி12ஆர் உள்ளவர்கள் ஜி12டி உள்ளவர்களைவிடச் சற்று நன்றாக இருக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. கேராஸில் பிழையே இல்லாத சிறுபான்மையினர், பத்தில் ஒருவருக்கும் குறைவு, இன்னும் நன்றாக இருக்கிறார்கள். அவர்கள் கட்டியில் வேறு பிழைகள் இருக்கும். அவற்றில் சிலவற்றுக்கு ஏற்கெனவே மாத்திரை உண்டு. நூறில் ஒருவருக்கு, பிழை திருத்தும் இன்னொரு அமைப்பு கெட்டுப்போய், நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து வேலை செய்யும்.

பிராக்கா 2 இந்த நான்கில் இல்லை. உடைந்த டி.என்.ஏ.வைப் பிழையில்லாமல் ஒட்டுவது அதன் வேலை. சிவப்பு மையோடு உட்கார்ந்திருக்கும் டீச்சர் அது. டீச்சர் இல்லாத வகுப்பில் பிழைகள் பெருகும், அதனால் புற்று வருகிறது. ஆனால் அதே காரணத்தால் அந்தக் கட்டிக்கு ஒரு பலவீனமும் உண்டு. சிஸ்பிளாட்டின், ஆக்சாலிபிளாட்டின் போன்ற பிளாட்டினம் மருந்துகள் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகின்றன. சேதத்தைச் சரிசெய்ய ஆள் இல்லாத கட்டி செத்துப்போகும். பிறப்பிலேயே பிராக்கா குறை உள்ளவர்களுக்கு, பிளாட்டினம் மருந்தால் நோய் கட்டுப்பட்ட பிறகு ஒலாபரிப் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது. மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் மறுபடி தலைதூக்க நடுவாக 7.4 மாதம், வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு 3.8 மாதம். மொத்த ஆயுளில் பெரிய வித்தியாசம் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதிசய மருந்து என்று நான் விற்க வரவில்லை.

அண்ணனுக்குக் கொடுத்த மருந்தில் பிளாட்டினம் இல்லை. அறிக்கை முதலிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லமாட்டேன். மருந்து மாறியிருக்கும். கொஞ்ச மாதங்கள் கூடக் கிடைத்திருக்கலாம். சின்னப் பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு அவருக்குத் தேவைப்பட்டது ஐந்து வாரம்தான்.

"ஸ்டீவ் ஜாப்ஸிடம் இல்லாத பணமா? அவரே போய்விட்டாரே" என்று ஒரு வாட்ஸப் செய்தி நம் குடும்பக் குழுவிலேயே சுற்றியது. மூன்று பேரை எடுத்துப் பாருங்கள். கோவா முதல்வராக இருந்த மனோகர் பாரிக்கர் 2018 தொடக்கத்தில் நோய்வாய்ப்பட்டு 2019 மார்ச் 17 அன்று காலமானார். ரால்ஃப் ஸ்டைன்மன் என்ற விஞ்ஞானி நாலரை வருஷம் நோயோடு இருந்து, 2011 செப்டம்பர் 30 அன்று இறந்தார். மூன்று நாள் கழித்து அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள், இறந்தது தெரியாமலேயே. ஜாப்ஸ் 2003இல் நோய் தெரிந்து, அறுவை சிகிச்சையை ஒன்பது மாதம் தள்ளிப்போட்டும், எட்டு வருஷம் இருந்தார். ஜாப்ஸுக்கு வந்தது ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் வேறு வகை. அதில் கேராஸ் பிழை பொதுவாக இருக்காது. மென்1, டேக்ஸ், ஏடிஆர்எக்ஸ் என்று வேறு மரபணுக்கள். கணையத்தில் கட்டி என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு யாருக்கும் நாள் குறிக்காதீர்கள்.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளவயதுக்காரர்களுக்குக் கணையத்தில் கல் உருவாகும் நோய் ஒன்று உண்டு. வயிற்று வலி, மெலிந்த உடல், பிறகு சர்க்கரை. கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் 1960களில் இப்படிப்பட்ட நோயாளிகளை நூற்றுக்கணக்கில் பார்த்து எழுதினார். ஏழைகள், மரவள்ளிக் கிழங்கு சாப்பிடுபவர்கள், ஆகவே கிழங்கில் உள்ள சயனைடுதான் காரணம் என்று ரொம்ப காலம் நம்பினார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பிறகு பார்த்தால் கிழங்கே சாப்பிடாதவர்களுக்கும் நோய் இருந்தது. 2002 வாக்கில் ஹைதராபாத் சிசிஎம்பி விஞ்ஞானிகள் உட்படச் சிலர் மரபணுவைப் பார்த்தார்கள். இந்த நோயாளிகளில் சுமார் பத்துக்கு நான்கு பேரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. கணையம் தன் செரிமான நீராலேயே தன்னை அரித்துக்கொள்ளாமல் காக்கும் மரபணு அது. மாற்றம் இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதும் இல்லை. மரபணு, உணவு, சூழல் எல்லாம் சேர்ந்து வருவது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சென்னையில் இந்த நோயுள்ள 185 பேரைப் பின்தொடர்ந்து 1994இல் வெளியான ஆய்வு, அவர்களுக்குக் கணையப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 100 மடங்கு என்று சொன்னது. உங்கள் வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே 'கணையத்தில் கல்' என்று சொல்லியிருந்தால், வலி நின்றுவிட்டது என்று டாக்டரிடம் போவதை நிறுத்தாதீர்கள்.

இப்போது என் அம்மா வழிச் சொந்தங்களுக்கு.

கட்டியில் இருக்கும் பிழைகள் பெரும்பாலும் வாழ்நாளில் அந்தக் கட்டிக்குள்ளேயே விழுந்தவை. அவை பிள்ளைகளுக்குப் போகாது. ஆனால் கணையப் புற்று நோயாளிகளில் பத்தில் ஒருவர் வரை பிறக்கும்போதே ஒரு பிழையோடு பிறந்திருக்கிறார்கள். அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருவது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி.

அண்ணன் ஃபைலைப் படித்த பிறகு நான் ரத்தம் கொடுத்தேன். அதே மாற்றம் எனக்கும் இருக்கிறது. அப்பா வழியில் யாருக்கும் புற்று வந்ததில்லை. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, 44 வயதில் "நெஞ்சில் கட்டி" வந்து இறந்தார். அந்தக் காலத்தில் அதற்கு மேல் யாரும் பேசவில்லை. இப்போது யோசித்தால் அது மார்பகப் புற்று. பிராக்கா 2 மார்பகத்துக்கும் சினைப்பைக்கும் கணையத்துக்கும் ஆண்களின் புராஸ்டேட்டுக்கும் பொதுவான பிழை. அம்மா 81 வயது வரை எந்தக் குறையும் இல்லாமல் இருந்தார். அவரிடமும் அது இருந்திருக்க வேண்டும். பிழையைச் சுமப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வந்தே தீரும் என்பது இல்லை. பிராக்கா 2 உள்ளவர்களில் கணையப் புற்று வருவது வாழ்நாளில் நூறுக்கு 5 முதல் 10 பேர் வரை.

நெருங்கியவர்களுக்குப் போனில் சொல்லிவிட்டேன். ஆனால் பெரியம்மாவின் பிள்ளைகள் பெங்களூரு, மும்பை என்று போய் நாற்பது வருஷம் ஆகிறது. என்னிடம் நம்பர் இல்லை. அவர்களை அறிந்தவர்கள் இந்தப் பதிவைக் காட்டுங்கள். அவர்கள் என்னிடம் பேசட்டும். எந்தப் பிழை என்று தெரிந்திருப்பதால் அந்த ஒரே இடத்தைப் பார்த்தால் போதும், முழுப் பரிசோதனையைவிடச் செலவு குறைவு.

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்காதீர்கள். சினைப்பைகளை டாக்டர் சொன்னபடி எடுத்துவிட்டேன். வருஷம் ஒருமுறை மார்பகத்துக்கும் கணையத்துக்கும் ஸ்கேன். 2010இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு கட்டிகளின் எழுத்துப் பிழைகளை எண்ணி ஒரு கணக்குப் போட்டது. முதல் பிழை விழுந்து கட்டியின் மூல செல் உருவாகக் குறைந்தது பத்து வருஷம். அது பரவும் தன்மை பெற இன்னும் ஐந்து வருஷத்துக்கு மேல். அதன் பிறகு நோயாளிக்குக் கிடைப்பது சராசரியாக இரண்டு வருஷம்தான். சில கட்டிகளில் பல பிழைகள் ஒரே வீச்சில் விழுந்துவிடுகின்றன என்று 2016இல் டொரண்டோ குழு காட்டியது. ஆகவே எல்லோருக்கும் இந்த அவகாசம் கிடைக்காது. கிடைப்பவர்கள் ஏன் விட வேண்டும்?

"பெண் கல்யாணத்துக்கு இருக்கிறாள், இதைப் போய் வெளியே சொல்வதா?" என்று வீட்டுக்குள்ளேயே என்னிடம் கோபித்துக்கொண்டார்கள். யார் என்று சொல்லமாட்டேன், கோபம் நியாயமானதுதான். யார் பரிசோதனை செய்துகொள்வது, யாரிடம் சொல்வது என்பது அவரவர் முடிவு. என் முடிவை மட்டும்தான் இங்கே எழுதியிருக்கிறேன். ஆனால் ஒன்று. ஜாதகத்தில் செவ்வாய் எங்கே என்று பார்க்கத் தெரிந்த நமக்கு, தாத்தா பாட்டி எந்த நோயில் போனார்கள் என்று தெரியவில்லை. மறைத்ததால் பெரியம்மா வீட்டுப் பெண்களுக்கு என்ன நன்மை கிடைத்தது?

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் அப்பா, தம்பி, இரண்டு தங்கைகள் நாலு பேரும் கணையப் புற்றில் இறந்தார்கள். அவர் அதைப் பொதுவில் பேசினார். அவர்கள் எல்லோரும் புகைபிடித்தவர்கள், தான் பிடிக்கவில்லை என்றும் சொன்னார். 100 வயது வரை இருந்து 2024 டிசம்பரில்தான் காலமானார். நம் ஊரில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்ததை மூடி வைக்கவில்லை. அந்தத் துக்கம்தான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது.

"எல்லாம் தலையெழுத்து டீச்சர்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் குடியிருப்பது ரமணாசிரமம் பக்கம். பகவானுக்கு 1948 கடைசியில் இடது கையில் புற்றுக்கட்டி வந்தது. 1949 என்ற ஒரே வருஷத்தில் நாலு அறுவை சிகிச்சை. 1950 ஏப்ரல் 14 அன்று உடலை விட்டார். கடைசி நாள் வரை ஜனங்கள் அவரைப் பார்க்க முடிந்தது. நோயை யாரும் மறைக்கவில்லை. அவருக்கு உடம்பு ஒரு பொருட்டில்லை. டாக்டர்களை வர வேண்டாம் என்றும் அவர் தடுக்கவில்லை. நாம் ரமணர் இல்லை. நமக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தலையெழுத்து என்றே வைத்துக்கொள்வோம். இன்றைக்கு அந்த எழுத்தில் கொஞ்சம் படிக்க முடிகிறது. படிக்க மாட்டேன் என்பது பக்தி ஆகாது.

கடைசியாக, வீட்டுப்பாடம்.

வீட்டில் யாருக்காவது கணையப் புற்று என்றால், எந்த ஸ்டேஜ் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த வகை, கட்டியில் என்ன மாற்றம், ரத்தத்தில் பரம்பரை மாற்றம் உண்டா என்று மூன்றையும் கேளுங்கள். மருந்து தொடங்கும் முன்பே கேளுங்கள். கணையப் புற்று நோயாளிகள் எல்லோருக்கும் இந்த ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று அமெரிக்காவின் என்சிசிஎன் வழிகாட்டி 2019 முதலே சொல்கிறது. அறிக்கை வந்தால் கடைசிப் பக்கம் வரை படித்து, புரியாவிட்டால் மரபணு ஆலோசகரிடம் போங்கள். ரத்த உறவுகளுக்குச் சொல்லுங்கள்.

ஐம்பது வயதுக்கு மேல் திடீர்ச் சர்க்கரையும் எடைக் குறைவும் சேர்ந்து வந்தாலோ, வலியில்லாமல் கண் மஞ்சளானாலோ கீழாநெல்லிக்கு முன் ஸ்கேன் எடுங்கள். புகையை விடுங்கள்.

அப்புறம், ஒரு நோட்டில் மூன்று தலைமுறைக்கு யார் எந்த வயதில் எந்த நோயில் இறந்தார்கள் என்று எழுதி வையுங்கள். "வயிற்று வலி", "கட்டி", "காமாலை" என்று எழுதினால் மார்க் கிடையாது. சரியான பெயரைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

அந்த மாணவியின் அப்பாவுக்கு நேற்று ரத்தம் எடுத்துவிட்டார்கள். அறிக்கை வரச் சில வாரம் ஆகும். அவருக்காக நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பயாலஜி டீச்சர்
ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை